பெரியப்பாவின் வரலாற்று நூலின் பிரதி யாரிடமாவது உள்ளதா?

உறவுகளுக்கு வணக்கம்.

முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளையில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, ஊர் ஊராகச் சென்று முதியவர்களிடம் கேட்டெழுதிய எங்கள் பகுதியின் வரலாற்றைத் தம் சொந்தச் செலவில் நூலாக அச்சிட்டு, வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வருவோரிடம் சைக்கிள் கரியரில் வைத்தே விற்றார். வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றதைக் குறிக்கும் கற்சிலைமடு நடுகல்லில் 1803 என்ற ஆண்டு இருப்பதைப் பலரும் அறிவர். ஆனால் சிலாவத்தைக் கடலில் எடுத்த நீரில் அம்மனுக்கு விளக்கெரிக்கும் மரபையும், முல்லைத்தீவுப் பாணிக் கூத்தான முல்லைமோடிக் கூத்தின் பாடல்களையும், பாடியவர்களின் வாய்மொழியிலேயே பெரியப்பா பதிந்து வைத்ததுதான் என் பார்வையில் பெருஞ்செல்வம்.

2009 இடப்பெயர்வின்போது கையெழுத்துக் கொப்பிகளை உரப்பையில் சுற்றிப் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது கறையான் தின்றது போக, ஓரம் கருகியது போன்ற பதினொரு தாள்களே மிஞ்சின. நூலின் ஒரு பிரதிகூட இப்போது எங்களிடம் இல்லை.

பெரியப்பாவுக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. கண்பார்வை மங்கினாலும் நினைவு தெளிவாகவே உள்ளது. ஆகவே, புலம்பெயர்ந்தவர்கள் உட்பட, பிரதியோ கிழிந்த பக்கங்களோ வைத்திருப்பவர்கள் கைத்தொலைபேசியில் படமெடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மூலப்பிரதி தேவையில்லை. கிடைப்பதை அவருக்கு வாசித்துக் காட்டி, விடுபட்டதை அவர் சொல்ல ஒலிப்பதிவு செய்து, ஈழத்து நூல்களை இணையத்தில் சேமிக்கும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்திற்கு வழங்க விரும்புகிறோம். வார இறுதிகளில் தட்டச்சு செய்து உதவக்கூடிய இருவரும் தேவைப்படுகின்றனர்.