வாக்குச்சீட்டில் பெயர் இல்லாமல் கவர்னர் ஆக முடியுமா?

கேள்வி: அமெரிக்காவில் கட்சியும் இல்லாமல், சீட்டில் பெயரும் இல்லாமல் சிலர் கவர்னர் தேர்தலில் நிற்கிறார்களே, அந்த ஓட்டை எண்ணுவார்களா?

பதில்: மாநிலத்தைப் பொறுத்தது. சீட்டில் விட்டிருக்கும் வெற்றுக் கோட்டில் பெயரை நாமே எழுத வேண்டும். பல மாநிலங்களில் முன்பே பதிவு செய்யாதவருக்கு விழும் ஓட்டு கணக்கில் வராது. ஹவாயில் இந்த வசதியே கிடையாது, 1992இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

பதில்: செனட் தேர்தல்தான், ஆனாலும் அலாஸ்காவின் லிசா முர்கோவ்ஸ்கியைப் பாருங்க. 2010இல் உட்கட்சித் தேர்தலில் தோற்று, அப்புறம் இப்படி நின்றே ஜெயித்தார். அந்தப் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவது லேசா? பார்த்து எழுத, அவர் தரப்பில் பெயர் அச்சிட்ட கைப்பட்டைகளைக் கொடுத்தார்கள். எழுத்துப்பிழையைக் காட்டி எதிராளி கோர்ட்டுக்குப் போக, வாக்காளர் யாரை நினைத்து எழுதினார் என்பதுதான் முக்கியம் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதில்: சரி, ஆனால் அவர் ஏற்கெனவே செனட்டர். புதுமுகம் என்றால் முதலில் வாக்காளர்களிடம் கையெழுத்து திரட்டி சீட்டில் பெயரை ஏற்றப் பார்க்கட்டும்.