பிரசன்ட்லி என்றால் இப்போதா, அப்புறமா?

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டிலிருந்தே லண்டன் கம்பெனி ஒன்றுக்குக் கணக்கு பார்க்கிறேன். போன குறுவையில் எங்கள் வாய்க்காலுக்கு முறைத் தண்ணீர் வந்த அன்று, "மடைய ஒரு எட்டு பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டு அப்பா டவுனுக்குப் போய்விட்டார். மதியம் இரண்டரை. அந்த நேரம் பார்த்து லண்டன் மேடத்திடமிருந்து மெயில்: 'த ஃபைல் வில் பி வித் யூ பிரசன்ட்லி.'

பிரசன்ட் டென்ஸ் நிகழ்காலம் என்றால் பிரசன்ட்லி 'இப்போது'தானே? லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. ஃபைல் வந்தபோது மணி நாலு. அதற்குள் தண்ணீர் வரப்பு வழிந்து பக்கத்து வயலுக்குள் போயிருந்தது. அங்கே சித்தப்பா காலையில்தான் யூரியா விசிறியிருக்கிறார். "தம்பி, என் யூரியா பூரா வடிகால்ல போவுதுடா!" தெருவே கேட்டது. அரை மூட்டை என் கணக்கில்.

அப்புறம்தான் அகராதியைப் பிரித்தேன். பிரிட்டிஷ்காரர்களுக்கு அது பெரும்பாலும் 'சற்று நேரத்தில்'. ஒரு காலத்தில் 'உடனே' என்றே பொருளாம். சொன்னவர்கள் தாமதித்துத் தாமதித்து அர்த்தமே தள்ளிப்போய்விட்டது. 'சூன்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே'தான். நம் வீட்டு 'இந்தா வந்துட்டேன்' கதை.

* * *

மன்னார்குடிக்காரர் கதைக்கு என் கதை நேர் எதிர். கும்பகோணத்தில் இருந்தபடி ஒரு அமெரிக்க கம்பெனி விளம்பரம் பார்த்தேன்: 'வி ஆர் பிரசன்ட்லி ஹயரிங்.' பெரியப்பா ரிட்டயர்ட் இங்கிலீஷ் வாத்தியார். "இனிமேத்தான் ஆள் எடுப்பாங்க, அவசரப்படாதே" என்றார். அடுத்த வாரம் விண்ணப்பித்தேன், இடம் நிரம்பிவிட்டது. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் அது சாதாரணமாக 'இப்போது'தான். 'ஆர்', 'இஸ்' கூட வந்தால் 'இப்போது', 'வில்' கூட வந்தால் 'சீக்கிரம்' என்று இப்போதெல்லாம் வைத்துக்கொள்கிறேன். முக்கால்வாசி சரியாக வருகிறது. பெரியப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

* * *

தலைஞாயிறு பக்கம், கடைமடை ஆள் நான். ஜூன் 12 மேட்டூரில் திறந்தால், கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள். அதற்கப்புறம் முறை வைத்து, ஆகாயத்தாமரையைத் தள்ளிக்கொண்டு, எங்கள் வாய்க்காலுக்கு வர வேண்டும். டிவியில் 'தண்ணீர் திறப்பு' என்று பூத் தூவுகிற அன்று எங்கள் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். அதிகாரியைக் கேட்டால், "தோ, வந்துடும்." அது லண்டன் மேடத்தின் பிரசன்ட்லிதான் சார்.