அழைப்பவர் பெயரைத் தமிழில் சொல்லும் கைப்பேசி

அம்மாவுக்குக் கண்புரை. போன் அடித்தால் யார் என்று திரையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. ஜன்னல் பக்கம் போய், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பதற்குள் மணி நின்றுவிடுகிறது. அதனால் இப்போது எல்லா அழைப்பையும் எடுத்துவிடுகிறார். போன மாதம் போலீஸ் என்று சொல்லி ஒருவன் வங்கி விவரம் கேட்டிருக்கிறான். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். மோசடி நடந்தால் இங்கே மலேசியாவில் 997 என்ற மோசடிப் புகார் எண்ணுக்கு அழைக்கலாம்தான், ஆனால் அதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

இடம் சுங்கை சிப்புட், செம்பனைத் தோட்டத்து வீடு. போன் ஆண்ட்ராய்டு 13. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் கோலாலம்பூரில்.

அழைப்பவர் பெயரை அறிவிக்கும் வசதியைப் போட்டுவிட்டேன். தமிழில் சேமித்த பெயர் வந்தால் சத்தமே இல்லை. ஆங்கில எழுத்தில் மாற்றினால் 'முனியம்மா' யாரோ வெள்ளைக்காரர் மாதிரி ஒலிக்கிறது, அம்மாவுக்குப் புரியவில்லை. குரல் அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுத்தேன். மாதிரி வாக்கியத்தை அழகாக வாசிக்கிறது, அழைப்பு வந்தால் மறுபடி ஆங்கிலம்தான். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியைப் போட்டால் எதற்கும் இருமுறை தட்ட வேண்டும், அம்மா தடுமாறிப்போனார். அப்புறம் ஆளுக்கொரு ரிங்டோன் வைத்தேன். எங்கள் அழைப்புகளுக்குச் சரி, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வைத்தால் அவருக்குக் குழம்பும்.

டாக்பேக் இல்லாமல், தமிழில் சேமித்த பெயரைத் தமிழிலேயே சொல்லும் செயலியோ, 700 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வேறு போனோ யாராவது பயன்படுத்துகிறீர்களா?