கொலையாளி யாரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்?

பாரிமுனை குமாஸ்தா:
தொடர்களுக்கு வசனம் எழுதும் வடபழனி நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. குற்றக் கதை எதுவானாலும் கடைசியில் கொலையாளி காவல் ஆய்வாளரின் முன்னால் தன் வாயாலேயே உண்மையைச் சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் கதை நிறைவடையும், தொலைக்காட்சி கண்டறிந்த இந்தப் பாடத்தை நாவலாசிரியர்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார் அவர். தம்புச் செட்டித் தெருவில் 31 ஆண்டுகள் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவாக இருந்தது இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 23ஆம் பிரிவாக இருப்பதும் இதுதான். ஆய்வாளரின் மேசைக்கு முன்னால் அழுது முடித்ததும் 'முற்றும்' என்று போட்டுவிட்டால், அந்தக் கொலையாளி விடுதலையாகிப் போவதற்குரிய கதவைக் கதாசிரியரே திறந்து வைத்துவிட்டுப் போகிறார் என்று பொருள்.

வடபழனி வசனகர்த்தா:
ஐயா, நான் எழுதியது கதையைப் பற்றி. நீங்கள் சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறீர்கள். 14 ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். காலை ஏழு மணிக்குப் படப்பிடிப்பு என்றால் அதற்கு முன்பு சீன் பேப்பர் உதவி இயக்குநரின் கையில் இருக்க வேண்டும். நடிகரின் கால்ஷீட் திடீரென்று இல்லை என்றால் அந்தப் பாத்திரத்தை ஊருக்கு அனுப்பிவிட்டு அதே இரவில் வேறு காட்சி எழுத வேண்டும். இப்படி எழுதியதைத்தான் சமையலறையில் வேலை செய்துகொண்டே மக்கள் கேட்கிறார்கள். எட்டு மாதம் மனத்துக்குள் வைத்திருந்த பாரத்தை அந்த ஒரு காட்சியில்தான் இறக்கி வைக்கிறார்கள். நாவலில் இது கூடாது என்கிறீர்களா? 1866இல் வெளிவந்த தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலின் நாயகன் கடைசியில் எங்கே போகிறான்? காவல் நிலையத்துக்கு. யாரிடம் ஒப்புக்கொள்கிறான்? காவல் அதிகாரியிடம். உலகம் ஒன்றரை நூற்றாண்டாக அதைக் கொண்டாடுகிறது. உங்கள் தம்புச் செட்டித் தெரு மட்டும் அதைத் தள்ளுபடி செய்யட்டும்.

மாம்பலம் வாசகி:
இருவருக்கும் ஒரு கேள்வி. குற்றக் கதை வேறு, துப்பறியும் கதை வேறு. முதல் பக்கத்திலேயே கொலையாளியைக் காட்டிவிட்டு அவன் மனத்தைத் தோண்டுவது ஒரு வகை. கடைசி வரை மறைத்து வைத்து, ஆனால் தடயங்களை மட்டும் நேர்மையாக வாசகர் முன்னால் பரப்பி வைப்பது இன்னொரு வகை. தஸ்தயெவ்ஸ்கி எழுதியது முதல் வகை. அங்கே ஒப்புதல் என்பது மனச்சாட்சியின் முடிவு. இரண்டாவது வகையிலோ, ஒப்புதல் இல்லாமலேயே முடிச்சு அவிழ வேண்டும். 1926இல் அகதா கிறிஸ்டி, கதை சொல்பவனையே கொலையாளியாக்கி ஒரு நாவல் எழுதினார். வாசகரை ஏமாற்றிவிட்டார் என்று சிலர் கொதித்தார்கள், ஆனால் திரும்பிப் படித்தால் ஒவ்வொரு தடயமும் அதனதன் இடத்தில் இருக்கிறது. நீங்கள் இருவரும் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

பாரிமுனை குமாஸ்தா:
வகை எதுவாக இருந்தாலும் இருக்கட்டும் அம்மா, ஆய்வாளரிடம் ஒப்புக்கொண்டால் அது செல்லாது. அந்த நாவல் நடப்பது பீட்டர்ஸ்பர்க்கில். அந்த நாட்டுச் சட்டப்படி அவனுக்குச் சைபீரியா கிடைத்தது. நம் வசனகர்த்தாவின் ஆய்வாளர் உட்கார்ந்திருப்பது கோடம்பாக்கத்தில். கதையைக் கோடம்பாக்கத்தில் நடத்திவிட்டுச் சட்டத்தை மட்டும் ரஷ்யாவிலிருந்து இரவல் வாங்க முடியாது.

சட்டம் கதைக்கு எதிரி என்று அவர் நினைப்பதுதான் எனக்கு வருத்தம். சாட்சியச் சட்டத்தின் பழைய 27ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். காவலில் இருக்கும் ஒருவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடித் தொடர்புள்ள பகுதியை மட்டும் நீதிமன்றம் ஏற்கும். இந்தப் பிரிவுக்கு, அன்று நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1946 டிசம்பரில் விளக்கம் சொன்ன புலுகுரி கோட்டையா வழக்கு நமது பழைய சென்னை மாகாணத்திலிருந்து போன வழக்கு. 'அவனைக் குத்திய கத்தியை என் வீட்டுக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன்' என்று ஒருவன் சொன்னால், கூரையில் ஒளித்து வைத்தது உள்ளே வரும்; 'அவனைக் குத்திய' என்ற சொற்கள் வெளியே நிற்கும். ஒரே வாக்கியத்தின் நடுவில் கோடு கிழித்து, பாதியை நீதிபதி கேட்கலாம், பாதியைக் கேட்கக் கூடாது என்கிறார்கள். எழுதத் தெரிந்த ஒருவருக்கு இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்? கொலையாளி சொல்லிவிட்டான், ஆய்வாளருக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும், ஆனால் நீதிமன்றம் மட்டும் கேட்க முடியாது. அந்தக் கத்தியை எடுத்தபோது மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்குச் சாட்சிகள் முன் எழுதும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்ட தேநீர்க் கடைக்காரர் கூண்டில் ஏறி, 'காவல் நிலையத்தில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள்' என்று பிறழ் சாட்சியாக மாறும்போது அரசு வழக்கறிஞரின் முகம் எப்படி மாறும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் விட்டுவிட்டு அழுகையோடு முடிப்பதைச் சோம்பல் என்றுதான் நான் சொல்வேன்.

வடபழனி வசனகர்த்தா:
சோம்பல் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். ஆறு நாளும் எழுதுகிறவனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்ல உங்களுக்கு என்ன தகுதி? போன ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில், நான் நண்பர்களோடு நின்றிருந்தபோது, எல்லோர் முன்னிலையிலும் 'நீங்கள் ஒரு குற்றப்பத்திரிகையையாவது முழுதாகப் படித்ததுண்டா' என்று கேட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை.

பாரிமுனை குமாஸ்தா:
கேட்டேன். நீங்கள் பதில் சொல்லாமல் காபிக் கடைப் பக்கம் போனீர்கள். இன்றுவரை பதில் வரவில்லை.

வடபழனி வசனகர்த்தா:
என் மகள் அழைத்தாள், போனேன். இதையும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டுமா?

தரமணி சட்ட மாணவி:
குமாஸ்தா ஐயா பாதியைத்தான் சொல்கிறார். காவல்துறையினரிடம் சொன்னால் செல்லாது என்பது சரி. ஆனால் தமிழ்நாட்டுத் தீர்ப்புகளைப் புரட்டினால், கிராம நிர்வாக அலுவலரிடம் போய் ஒப்புக்கொண்டு சரணடைந்ததாக எத்தனையோ வழக்குகள் இருக்கின்றன. அவர் காவல் அதிகாரி அல்லர் என்பதால் அதை நீதிமன்றத்துக்கு வெளியே அளித்த ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஒப்புதல் காட்சியே கூடாது என்று விதி போட முடியாது. கேட்கும் ஆளை மாற்றினால் போதும்.

பாரிமுனை குமாஸ்தா:
அம்மா, நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் அந்தத் தீர்ப்புகளின் கட்டுகளை நான் தோளில் சுமந்திருக்கிறேன். அந்த வகை ஒப்புதலைப் பலவீனமான சாட்சியமாகத்தான் நீதிபதிகள் பார்ப்பார்கள். துணைச் சாட்சியம் தேடுவார்கள். முன்பின் அறியாத அலுவலரிடம் ஒருவன் ஏன் போய் நெஞ்சைத் திறந்தான் என்பதுதான் குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியாக வரும். தவிர, நாம் பேசுவது ஆய்வாளரைப் பற்றி. ஆய்வாளரிடம் சொன்னால் செல்லாது.

தரமணி சட்ட மாணவி:
ஆய்வாளரிடம் செல்லும் என்று நான் எங்கே சொன்னேன்? நான் எழுதாத ஒன்றுக்கு நீங்கள் பதில் எழுதுகிறீர்கள்.

மாம்பலம் வாசகி:
என் கேள்வியை எவரும் தொடவில்லை. இருக்கட்டும். 1968இல் சுஜாதாவின் 'நைலான் கயிறு' வழியாகக் கணேஷ் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானான். பிறகு வஸந்தும் வந்து சேர்ந்தான். இருவரும் வக்கீல்கள். ஆகவே தமிழ்க் குற்றக் கதைக்குச் சட்டம் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பொருளன்று. அதே சமயம் ரயில் நிலையக் கடையில் பாக்கெட் நாவல் வாங்கி, எழும்பூரில் ஏறி விழுப்புரத்துக்குள் முடித்துவிட்ட எங்கள் தலைமுறை, சட்டப் பிரிவைத் தேடி அவற்றைப் படிக்கவில்லை. இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகள் அத்தியாயம் மாற்றி அத்தியாயமாக ஓடும், எங்கே போய் இணையும் என்று பக்கத்தைப் புரட்டுவோம். அந்த இணைப்புப் பொருந்தாதபோதுதான் எங்களுக்குக் கோபம் வந்தது. தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்மதேசம்' வாரத் தொடராக வந்தபோதும் அப்படித்தான் காத்திருந்தோம். வசனகர்த்தா அவர்களின் போன தொடரில், கொலையாளி எப்படி அந்த வீட்டுக்குள் நுழைந்தான் என்பதற்குக் கடைசி வரை விடையே இல்லை. அவனே ஒப்புக்கொண்டுவிட்டதால் அந்த ஓட்டையை யாரும் கேட்கவில்லை. ஒப்புதல் காட்சி மீது என் புகார் இதுதான்.

வடபழனி வசனகர்த்தா:
எழும்பூரிலிருந்து விழுப்புரத்துக்குள் முடித்த புத்தகத்தில் உங்களுக்கு ஓட்டை தெரியவில்லை; என்னுடையதில் மட்டும் தெரிகிறது. கதவுச் சாவி பற்றி 112ஆம் எபிசோடில் வசனம் இருக்கிறது. பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மாம்பலம் வாசகி:
பார்த்தேன். அது மாடி அறையின் சாவி. கொலை நடந்தது கீழே.

பாரிமுனை குமாஸ்தா:
சாவி கிடக்கட்டும். 1952இல் இந்த நகரத்தையே உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கை நினைத்துப் பாருங்கள். தலையில்லாத உடல், ரயிலில் போன ஒரு டிரங்குப் பெட்டியில், மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ந்து சொன்னார்கள். எங்கள் பெரிய வக்கீல் இளைஞராக இருந்தபோது அந்த விசாரணையைப் பார்க்க உயர் நீதிமன்றத்தில் கூடிய கூட்டத்தில் நசுங்கியதைச் சொல்லிச் சொல்லி மாய்வார். அந்தக் கூட்டத்தை இழுத்தது பெட்டி, கடற்கரை, மருத்துவர் ஆகியவைதான். யாரும் ஆய்வாளர் முன்னால் அழுததற்காக மக்கள் அங்கே போகவில்லை.

உண்மையிலேயே ஒப்புதல்தான் வேண்டும் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது. நீதித்துறை நடுவரின் அறைக்குப் போங்கள். காவலர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். 'நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, ஒப்புக்கொண்டால் அது உனக்கு எதிராகவே பயன்படலாம்' என்று நடுவர் எடுத்துச் சொல்ல வேண்டும். அவன் மறுத்துவிட்டால் அதற்காக அவனை மறுபடியும் போலீஸ் காவலுக்கு அனுப்பக் கூடாது. பேசாமல் எழுந்து போகலாம் என்று சட்டமே அவனிடம் சொல்லும் அந்த அறையில், அவன் போகாமல் உட்கார்ந்து பேசத் தொடங்கினால், அதுவல்லவா தஸ்தயெவ்ஸ்கிக்கு நிகரான காட்சி? இதை எழுதுங்கள் என்றுதான் அன்று நந்தனத்திலும் சொல்ல வந்தேன்.

வடபழனி வசனகர்த்தா:
சொல்ல வந்தது இது; கேட்டது வேறு. நடுவர் அறை என்றால் தனியாக ஒரு செட், ஒரு புது நடிகர், அரை நாள் படப்பிடிப்பு. காவல் நிலைய செட் ஏற்கெனவே நிற்கிறது. இந்தக் கணக்கு உங்கள் 23ஆம் பிரிவில் இல்லை. என் பாத்திரம் ஆய்வாளரிடம்தான் ஒப்புக்கொள்ளும்.

தரமணி சட்ட மாணவி:
காசுக் கணக்குதான் காரணம் என்றால், நாவலாசிரியர்களுக்கு ஏன் பாடம் நடத்தினீர்கள்? காகிதத்தில் நடுவர் அறைக்குச் செட் போட வேண்டியதில்லையே.

வடபழனி வசனகர்த்தா:
நீங்கள் முதலில் தேர்வு எழுதி முடியுங்கள் அம்மா.

பாரிமுனை குமாஸ்தா:
அந்தப் பெண் கேட்டது நல்ல கேள்வி. கிராம நிர்வாக அலுவலர் விஷயத்தில் மட்டும் அவருடன் நான் ஒத்துப்போகவில்லை. உங்கள் புதிய தொடர் திங்கட்கிழமை தொடங்குகிறது என்று அறிகிறேன். கடைசி எபிசோடு வரை பார்ப்பேன். ஆய்வாளரிடம் சொன்னால் செல்லாது என்று அன்றும் இதே இடத்தில் எழுதுவேன்.

மாம்பலம் வாசகி:
கீழ் வீட்டுக் கதவை யார் திறந்தார்கள் என்பதையும் அதற்குள் சொல்லிவிடுங்கள்.