புதுப்பிப்பு: அண்ணன் தோளில் தெரிந்த அந்தக் கோடு

பைக்கிலிருந்து விழுந்த அண்ணனின் எக்ஸ்ரேயில், தோள்பட்டை எலும்பின் நுனியில் ஒரு கோடு தெரிகிறது, எலும்பு முறிவு என்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். என்ன ஆச்சு என்று பலர் கேட்டதால் இது.

முறிவு இல்லை. இந்த நிலையின் பெயர் 'ஆஸ் அக்ரோமியாலே'. தோளுக்கு மேலே கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த எலும்பு நுனி (அக்ரோமியன்), பதின்வயதில் தனித்தனித் துண்டுகளாக எலும்பாகி, பெரும்பாலும் 25 வயதுக்குள் ஒன்றாகிவிடும். சிலருக்கு ஒரு துண்டு ஒட்டாமலே நின்றுவிடுகிறது. அண்ணனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, இனி ஒட்டப்போவதில்லை.

எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கையை விலக்கி வைத்து அக்குள் வழியாக இன்னொரு எக்ஸ்ரே எடுத்தார்கள். கோட்டின் இரு விளிம்பும் வழவழப்பாக இருந்தன. புது முறிவென்றால் விளிம்பு கூராக, ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்த இடத்தை அழுத்தினாலும் வலி இல்லை. மறு தோளையும் எடுத்துப் பார்த்தால் அங்கேயும் அதே கோடு! இரண்டு பக்கமும் இருப்பது சகஜமாம்.

சரி, வலி? அது விழுந்த அடியின் தசைப்பிடிப்பு, குறைந்துவருகிறது. பலருக்கு இந்தத் துண்டு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராது. சிலருக்கு மட்டும் அது அசைந்து, கீழே போகும் தசைநாணை உரசும். அப்போதும் முதலில் பிசியோதெரபிதான். பெரிய துண்டென்றால் வெட்டி எடுக்கத் தயங்குவார்கள், தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை அதில்தான் பற்றியிருக்கிறது. ஸ்க்ரூ போட்டு இணைக்கவே பார்ப்பார்கள்.

மாவுக்கட்டு போடச் சொன்னவர்களுக்கு: அண்ணன் இப்போது பிசியோதெரபிக்குப் போகிறார்.