ஆப்ஷனுக்குப் பணம் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரைப் பேசி வையுங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் வீடு வாங்குவது பற்றி நம் குழுவில் அடுத்தடுத்து மடல்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "நல்ல லாயர் யார், எவ்வளவு வாங்குவார்?" குறிப்பிட்ட நிறுவனத்தின் பெயர் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எப்படிப் பார்த்து எடுப்பது என்று மட்டும் எழுதுகிறேன். அதிலும் யாரைப் பிடிப்பது என்பதைவிட எப்போது பிடிப்பது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள்.

கோண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்குபவர் வழக்கமாகச் செய்வது இது. வீட்டைப் பார்க்கிறார், பிடித்துவிடுகிறது, முகவர் அவசரப்படுத்துகிறார். விலையில் ஒரு விழுக்காட்டைக் கொடுத்து, அந்த வீட்டைக் குறிப்பிட்ட நாளுக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமையைத் தரும் ஆப்ஷன் பத்திரத்தை வாங்கிக்கொள்கிறார். வழக்கறிஞரைத் தேடுவது அதற்குப் பிறகுதான். 12 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வீடு என்றால் 12,000 வெள்ளி கைமாறியாயிற்று. வழக்கமாக 14 நாளில் இன்னும் 4 விழுக்காடு, அதாவது 48,000 வெள்ளி கட்டி ஆப்ஷனை உறுதி செய்ய வேண்டும். அந்த 14 நாளில் வழக்கறிஞர் பத்திரத்தைப் படித்து "இந்த நிபந்தனை உங்களுக்குப் பாதகம்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? விற்பவர் மாற்றித் தர வேண்டிய கட்டாயம் இல்லை. விலகிக்கொண்டால் 12,000 போய்விடும். அதனால் ஆப்ஷனின் நகலை முதலில் கேட்டு வாங்கி, வழக்கறிஞர் படித்த பிறகே பணம் கொடுங்கள். ஏற்கெனவே பேசி வைத்த வழக்கறிஞர் என்றால் அன்றைக்கோ மறுநாளோ படித்துச் சொல்லிவிடுவார்.

தனியார் வீட்டு ஆப்ஷனை விற்பவர் தரப்புதான் தயாரிக்கிறது, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. வழக்கறிஞரை இவற்றைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த மணிக்கு ஆப்ஷன் காலாவதியாகிறது (பெரும்பாலும் மாலை 4 மணி, 4.05க்குப் போனால் திருப்பி அனுப்பலாம்). வீடு காலியாகக் கிடைக்குமா, வாடகைக்கு இருப்பவரோடு சேர்த்தா. வாடகைக்காரர் இருந்தால் அவர் கொடுத்த முன்பணம் யாரிடம் போகிறது. வீட்டோடு விட்டுப் போகும் ஏர்கான், அலமாரி, அடுப்பு பத்திரத்தில் எழுதியிருக்கிறதா. இவற்றையெல்லாம்விடப் பெரியது, அரசாங்க அமைப்புகளின் பதில் பாதகமாக வந்தால் வாங்குபவர் பணத்தைத் திரும்பப் பெற்று விலகலாம் என்ற வரி இருக்கிறதா என்பது.

அந்தப் பதில்கள் என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். உங்கள் வழக்கறிஞர் நிலப் போக்குவரத்து ஆணையம், பொதுப் பயனீட்டுக் கழகம், உள்நாட்டு வருவாய் ஆணையம் போன்றவற்றுக்குக் கேள்விகள் அனுப்புவார். சாலை விரிவாக்கக் கோடு இந்த நிலத்தின் மேல் போகிறதா, எம்ஆர்டி ரயில் பாதை அடியில் போகிறதா, வடிகாலுக்கு ஒதுக்கிய இடம் இருக்கிறதா, சொத்து வரி பாக்கி உண்டா என்பவை அதில் வரும். கோண்டோவில் பாதிப்பு பெரும்பாலும் சுற்றுச்சுவரோரம் ஒரு துண்டோடு முடிந்துவிடும். தரைவீட்டில் அப்படியில்லை, வீட்டு முன்வாசலையே சாலைக் கோடு தொட்டிருக்கலாம். தரைவீடு வாங்குபவர்கள், தரைவீட்டு வேலை அடிக்கடி செய்யும் வழக்கறிஞரையே பாருங்கள். (நிரந்தரவாசிகள் தரைவீடு வாங்க நில ஆணையத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.)

அடுத்து, யார் பெயரில் வாங்குவது. முதல் சந்திப்பிலேயே இதைக் கேட்காத வழக்கறிஞரை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூடுதல் முத்திரை வரி 2023 ஏப்ரல் 27 முதல் இப்படி இருக்கிறது: குடிமகனுக்கு முதல் வீட்டுக்கு இல்லை, இரண்டாவதுக்கு 20 விழுக்காடு, நிரந்தரவாசிக்கு முதல் வீட்டுக்கு 5, இரண்டாவதுக்கு 30, வெளிநாட்டவருக்கு எத்தனையாவது வீடானாலும் 60. கூட்டாக வாங்கினால் இருவரில் யாருக்கு அதிக விகிதமோ அதுவே முழு விலைக்கும். கணவர் நிரந்தரவாசி, மனைவி இன்னும் சார்ந்திருப்போர் அட்டையில், அதாவது வெளிநாட்டவராக இருக்கிறார், இருவர் பெயரிலும் எழுதுகிறார்கள் என்றால் 12 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 7,20,000 வெள்ளி கூடுதல் வரி. கணவர் பெயரில் மட்டும் என்றால் 60,000. இரண்டிலும் சாதாரண முத்திரை வரி 32,600 தனி. தம்பதியில் ஒருவராவது குடிமகனாக இருந்தால் சலுகை உண்டு, அதன் நிபந்தனைகளை வழக்கறிஞர் எழுத்தில் தரட்டும். "99க்கு 1 என்று பங்கு போட்டு எழுதினால் வரி மிச்சமாகும்" என்று யாராவது யோசனை சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு என்று ஆணையம் முடிவு செய்தால் விட்டுப்போன வரியோடு அதில் 50 விழுக்காடு சேர்த்து வசூலிக்கும்.

முத்திரை வரியைக் கட்டக் கெடு, இங்கே கையெழுத்திட்டால் 14 நாள், வெளிநாட்டில் கையெழுத்திட்டால் 30 நாள். மறுவிற்பனைக் கோண்டோவுக்கு அதை முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டுத்தான் பிறகு சிபிஎஃப்பிலிருந்து (மத்திய சேம நிதி) திரும்பப் பெற முடியும். "சிபிஎஃப்பில்தான் பணம் இருக்கிறதே" என்று இருந்துவிட்டு, கெடு நெருங்கும்போது கடன் கேட்டு ஓடுகிறவர்கள் நிறைய.

எச்டிபி (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய மறுவிற்பனை வீட்டுக்குக் கதை வேறு. ஆப்ஷன் படிவம் கழகத்துடையது, மாற்றி எழுத முடியாது. ஆப்ஷன் தொகை 1 முதல் 1,000 வெள்ளி வரை, உறுதி செய்யும் தொகையோடு சேர்த்து 5,000ஐத் தாண்டக் கூடாது, கெடு 21 நாள். எச்டிபி கடனில் வாங்கினால், அல்லது கடனே இல்லாமல் வாங்கினால், கழகத்தின் வழக்கறிஞர்களையே அமர்த்தலாம். 6 லட்சம் வெள்ளி வீட்டுக்கு அவர்கள் கட்டணம் ஜிஎஸ்டியோடு 400 வெள்ளி வாக்கில்தான் வரும். சிக்கலில்லாத கொள்முதலுக்கு இதுவே போதும், வெளியே போய் இரண்டாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. வங்கிக் கடன் என்றால் தனியார் நிறுவனம்தான். மணமுறிவு, உரிமையாளர் ஒருவர் இறந்தது, பங்கு மாற்றம் போன்றவை கலந்திருந்தாலும் தனியாரிடம் போவதே நல்லது.

நம்மவர்கள் எச்டிபி விஷயத்தில் மறைத்தோ மறந்தோ விடுவது ஊர் வீடு. நிரந்தரவாசிகள் மறுவிற்பனை வீடு வாங்கினால், இங்கோ வெளிநாட்டிலோ சொந்தமாக உள்ள தனியார் வீட்டை விற்றாக வேண்டும்; எப்போதைக்குள் என்பதைக் கழகத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா உயிலில் எழுதி வைத்த வீடு, அண்ணன் தம்பிகளோடு பொதுவில் இருக்கும் பங்கு எல்லாம் கணக்கில் வரும். எச்டிபி வீடு வாங்கத் தகுதி உண்டு என்று கழகம் தரும் தகுதிக் கடிதத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே வழக்கறிஞரிடம் பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு தெரியவந்தால் வீடே போகலாம்.

இனி, ஆளை எடுப்பது. சட்ட அமைச்சின் இணையத்தளத்திலும் சட்டச் சங்கத்தின் இணையத்தளத்திலும் வழக்கறிஞரின் பெயரைத் தேடிப் பாருங்கள், நடப்பு ஆண்டுக்குத் தொழில் சான்றிதழ் உண்டா என்று தெரியும். நிறுவனம் உங்களுக்குக் கடன் தரும் வங்கியின் பட்டியலில் இருக்க வேண்டும். சிபிஎஃப் பணம் எடுப்பதாக இருந்தால் அந்தக் கழகத்தின் பட்டியலிலும் இருப்பது நல்லது, ஒரே நிறுவனம் மூன்று பக்கத்து வேலையையும் பார்த்துவிடும். இல்லையென்றால் வங்கிக்கோ கழகத்துக்கோ தனி வழக்கறிஞர், அவருக்கும் கட்டணம் உங்கள் தலையில். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ஒரே தனியார் நிறுவனம் வேலை செய்யக் கூடாது என்பதால், முகவர் ஒரு பெயரைச் சொன்னால் அவர்கள் எதிர்த்தரப்புக்கு ஏற்கெனவே வேலை செய்கிறார்களா என்றும் கேளுங்கள்.

விலையைக் கேட்கும்போது "எல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று எழுத்தில் வாங்குங்கள். எச்டிபி வாங்க 1,800 முதல் 2,500, கோண்டோவுக்கு 2,500 முதல் 3,500 வெள்ளி என்ற அளவில் சொல்வார்கள். 1,200 என்று யாராவது சொன்னால் அது வெறும் கூலி மட்டும்தானா என்று பாருங்கள். உரிமைப் பதிவேட்டுத் தேடல், திவால் தேடல், அரசாங்கக் கேள்விகளுக்கான கட்டணம், கேவியட் (வீட்டில் உங்களுக்கு உரிமை உண்டு என்று பதிவேட்டில் சேர்க்கும் அறிவிப்பு) பதிவு, அடமானப் பதிவு, சிபிஎஃப் தரப்பு வேலை, 9 விழுக்காடு ஜிஎஸ்டி எல்லாம் பின்னால் வரிசையாக வரும். வங்கி சட்டச் செலவுக்கு மானியம் தருவதாகச் சொன்னால், மூன்று ஆண்டுக்குள் கடனை மாற்றினால் அதைத் திரும்பப் பிடுங்கும் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள்.

எனக்கு விலையைவிட முக்கியமாகத் தோன்றுவது கோப்பை யார் கையாளப் போகிறார் என்பது. பெரும்பாலான இடங்களில் அன்றாட வேலையைச் செயலர்தான் பார்ப்பார். அதில் தவறில்லை, அனுபவமுள்ள செயலர் பத்து வழக்கறிஞருக்குச் சமம். ஆனால் அவர் விடுப்பில் போனால் யார், வழக்கறிஞர் நேரடியாக எப்போது பேசுவார், கேவியட்டை எத்தனை நாளில் பதிவார் என்று கேளுங்கள். ஆப்ஷன் உறுதியானதும் ஓரிரு நாளில் கேவியட் பதிவாக வேண்டும். தாமதித்தால் அந்த இடைவெளியில் வேறொருவர் தன் உரிமையைப் பதிந்துவிடலாம். கோண்டோ என்றால் பராமரிப்புக் கட்டணப் பாக்கி உண்டா, பெரிய பழுதுபார்ப்புக்குக் கூடுதல் வசூல் வரப்போகிறதா என்று நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கேட்பதும் அவர்கள் வேலை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: வழக்கறிஞர் வீட்டைப் போய்ப் பார்க்க மாட்டார். பால்கனியை அனுமதியில்லாமல் மூடியிருக்கிறார்கள், சுவரை இடித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் நீங்கள் பார்த்துப் படமெடுத்துச் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

பணம் எங்கே போகிறது என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வழக்கறிஞர்கள் வாடிக்கையாளர் பணத்தோடு ஓடிப்போன சம்பவங்களுக்குப் பிறகு, 2011 ஆகஸ்ட் முதல் இங்கே விதி மாறியது. வீடு வாங்கும் பணத்தை நிறுவனம் தன் சாதாரணக் கணக்கில் வைக்கக் கூடாது. வங்கியில் அதற்கென்றே உள்ள தனிக் கணக்கு, அல்லது சிங்கப்பூர்ச் சட்டக் கழகத்தின் சேவை, இரண்டில் ஒன்று. அதிலிருந்து எடுக்க இரண்டு தரப்பின் ஒப்புதல் வேண்டும். தனிக் கணக்கின் பெயரில் நிறுவனப் பெயரோடு 'சிவிஒய்' (CVY) என்று வரும். முகவர் கையில் வீட்டுப் பணத்தைக் கொடுக்கவே கூடாது, அவர் வாங்கவும் கூடாது. "கணக்கு எண் மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால், அதிலுள்ள எண்ணுக்குப் பேசாமல், நிறுவனத்தின் பழைய எண்ணை அழைத்து உறுதிப்படுத்துங்கள்.

விற்பவர்களுக்கு வேலை குறைவு. ஆனால் வங்கிக் கடன் இருந்தால், அடைக்கப் போவதை முன்கூட்டி எழுத்தில் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை கேட்டிருப்பார்கள். ஆப்ஷன் கொடுத்த அன்றே வழக்கறிஞர் அதை அனுப்பவில்லை என்றால் அந்த நாட்களுக்கு வட்டி தண்டம். பூட்டுக்காலத்துக்குள் (கடனை முன்கூட்டி அடைக்கக் கூடாத காலம்) அடைத்தால் வழக்கமாக 1.5 விழுக்காடு அபராதமும் உண்டு. 2025 ஜூலை 4 முதல் வாங்கிய வீட்டை நான்கு ஆண்டுக்குள் விற்றால் விற்பனை முத்திரை வரி முதல் ஆண்டு 16, பிறகு 12, 8, 4 விழுக்காடு. சிபிஎஃப்பில் எடுத்தது 2.5 விழுக்காட்டு வட்டியோடு உங்கள் கணக்குக்கே திரும்பிப் போகும், கையில் வராது. எவ்வளவு கையில் வரும் என்ற கணக்கை ஆப்ஷன் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரிடம் போட்டு வாங்குங்கள்.

வீட்டுரிமையாளரில் ஒருவர் காலமாகியிருந்தால், கூட்டுரிமையா (ஒருவர் இறந்தால் வீடு மற்றவருக்கே போவது) பங்குரிமையா (அவரவர் பங்கு தனி) என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுரிமை என்றால் உயிரோடிருப்பவர் பெயருக்கு மாற்றுவது எளிது. பங்குரிமை என்றால் நீதிமன்றத்தில் உயில் சான்றோ நிர்வாக ஆணையோ வாங்காமல் விற்க முடியாது, பல மாதம் ஆகலாம்.

அன்புடன்,
செயற்குழு உறுப்பினர், ஈசூன்

---

மறுமொழி: துபாயிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வாங்குபவர்களுக்கு

தம்பி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து கையெழுத்திடப் போகிறவர்கள் முதல் நாளே அதைச் சொல்லிவிடுங்கள். பொது அதிகாரப் பத்திரத்தைச் சிங்கப்பூர் வழக்கறிஞரே எழுதட்டும், அங்கே கடையில் அடித்தது செல்லாமல் போகும். நோட்டரி முன் கையெழுத்திட்டு, இங்கே உச்ச நீதிமன்றப் பதிவகத்தில் தாக்கல் செய்த பிறகுதான் பயன்படும். பல வங்கிகள் அடமானப் பத்திரத்தில் கடன் வாங்குபவரின் சொந்தக் கையெழுத்தையே கேட்கும். ஆகவே பத்திரம் இருக்கிறதே என்று விமானச் சீட்டை ரத்து செய்யும் முன் வங்கியைக் கேளுங்கள்.

இதையே திருப்பி, இங்கிருந்து ஊர் வீட்டை விற்க அண்ணனுக்கோ மாமாவுக்கோ அதிகாரம் அனுப்புகிறவர்களும் உண்டு. அந்தப் பத்திரம் இந்தியாவுக்குள் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியாக வேண்டும். கூரியர் உறையைத் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுவே சாட்சி.

அக்கா, தெம்பனிஸ்