ஜிப்சம் போர்டு இணைப்பில் டேப் உப்பியிருக்கிறது, பெயின்ட் அடிக்கலாமா?

ஓசூரில் மாடி அறைக்கு ஜிப்சம் போர்டில் தடுப்புச் சுவர் வைத்தோம். இணைப்பில் ஒட்டிய பேப்பர் டேப் 3 இடத்தில் கொப்புளம் மாதிரி உப்பியிருக்கிறது, பெயின்டர் அண்ணன் மேலே பட்டி பார்த்தால் மறைந்துவிடும் என்கிறார். நம்பலாமா?

பதில் 1: வேண்டாங்க. அடியில் ஜாயின்ட் காம்பவுண்ட் (டேப்பை ஒட்ட இணைப்பில் பூசும் பட்டி மாதிரிக் கலவை) போதாததால்தான் டேப் பிடிக்கவில்லை, மேலே எவ்வளவு பூசினாலும் பெயின்ட் ஈரம் பட்டதும் மறுபடி எழும்பும். சின்னக் கொப்புளம் என்றால் பிளேடால் கீறி உள்ளே ஜாயின்ட் காம்பவுண்டைத் தள்ளி, பட்டித் தகட்டால் அழுத்தி வழியுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு மேல் என்றால் அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டு, முதலில் காம்பவுண்ட் பூசி அந்த ஈரத்திலேயே புது டேப்பைப் பதிக்க வேண்டும். அப்புறம் மெல்லிசாக 2 கை, ஒவ்வொன்றும் முழுசாகக் காய்ந்த பிறகு. கடைசியில் உப்புத்தாள், பிரைமர்.

பதில் 2: பாலக்கோட்டில் எங்கள் வீட்டில் இதே கதைதான், காரணம் மேலே தண்ணீர்க் கசிவு. கீறுவதற்கு முன் போர்டு நமுத்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஓசூர்: போர்டு காய்ந்துதான் இருக்கிறது. நாளைக்கே கீறிவிடுகிறேன், ரொம்ப நன்றிங்க.